எத்தனை நடை

அவருடைய எஸ்டிமேட்டில் நான் முதன்முதலாக அடித்த வார்த்தை லிஃப்ட்.

கணக்கு அதிகாரியாக டெல்லியில் அந்தக் கட்டுமான அலுவலகத்துக்கு நான் மாற்றலாகி வந்த புதிது. அதற்கு முன்னால் பத்து வருஷம் பென்ஷன் கோப்புகளோடு மல்லாடியவன். செங்கல்லுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. மேசைக்கு வந்த மூன்றாவது கோப்போ நாலாவது கோப்போ, ஓர் அரசுப் பள்ளிக்கு மாடியில் வகுப்பறைகள் கட்டுவதற்கான எஸ்டிமேட். வரிக்கு வரி லீட், லிஃப்ட் என்று போட்டிருந்தது. லீட் ஏதோ ஒயர் சமாசாரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். லிஃப்ட் எனக்குத் தெரியும். ரெண்டு மாடிப் பள்ளிக்கூடத்துக்கு எதற்கய்யா லிஃப்ட்? பிள்ளைகள் ஏறி இறங்கட்டுமே, உடம்புக்கு நல்லதுதானே? அரசாங்கப் பணத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு, 'லிஃப்ட் அவசியமெனத் தோன்றவில்லை, நீக்கவும்' என்று எழுதி, லிஃப்ட் என்று வந்த இடத்திலெல்லாம் ஒரு கோடு இழுத்துக் கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். எஸ்டிமேட் பிரிவில் உதவிப் பொறியாளர். ஏறக்குறைய என் வயது. கைத்தறிப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ. தோளில் தொங்கிய பையிலிருந்து அளவு டேப்பின் மஞ்சள் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்து என்னைத் தமிழ் ஆள் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்.

"லிஃப்ட அடிச்சது நீங்கதானா சார்?"

"ஆமாம் மேடம். ரெண்டு மாடிக்கு எதுக்கு?"

"சரிதான். ஒரு பத்து நிமிசம் என்கூட வாரியளா?"

திருநெல்வேலிப் பேச்சு. டெல்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் ஓர் எழுத்துக்கூட உதிர்ந்திருக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஆவண அறை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூட்டிப்போனார். சாய்த்துப் போட்ட பலகையில், தலையில் மணல் சட்டியோடு ஒரு பெண் மேல்தளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள். டெல்லிக் கட்டடங்களில் வேலை செய்யும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள், கள்ளக்குறிச்சிப் பக்கம். இவரைப் பார்த்ததும் மேலேயிருந்தே சிரித்தாள்.

"என்னாக்கா, இன்னிக்கும் எண்ண வந்துட்டியா? கூட ஒரு சாரு வேற!"

"எண்ண வரல தாயி, சாருக்குச் சும்மா காட்டுதேன். காலைல இருந்து எத்தனை நடை ஆச்சு?"

"நான் எங்கக்கா எண்ணுனேன்? நீதான எண்ணுவ."

அவர் என் பக்கம் திரும்பினார். "லாரி நிக்க இடத்துல இருந்து இங்க வரைக்கும் சுமந்துட்டு வந்தா லீட். கீழ இருந்து மேல தூக்கிட்டுப் போனா லிஃப்ட். நீங்க அடிச்சது மிசின இல்ல சார். அந்தா ஏறுதாள்லா, அவளை அடிச்சிட்டிய."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்து குறிப்பை ரத்து செய்தேன். வேறு யாராக இருந்தாலும் அன்று மதியத்துக்குள் கேன்டீன்வரை கதை போயிருக்கும், எனக்கு 'லிஃப்ட் சாப்' என்று பெயரும் வைத்திருப்பார்கள். அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பின்னால் நானே சொல்லிச் சிரித்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் பண்ணி, "ஒமக்கு வேற சோலி இல்லியா சார்" என்பார். மரியாதையும் மரியாதைக் குறைவும் ஒரே மூச்சில் வருவது அவர் பேச்சின் அழகு.

எஸ்டிமேட் என்றால், இன்னும் கட்டாத ஒரு கட்டடத்தைக் காகிதத்தில் கட்டி முடித்து, இதற்கு இவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்வது. வரைபடத்தைப் பார்ப்பார்கள், விலைப் புத்தகத்தைப் பார்ப்பார்கள், பெருக்குவார்கள், கூட்டுவார்கள். கம்ப்யூட்டர் வந்தபிறகு அதுவும் சுலபம், பழைய கோப்பு ஒன்றைத் திறந்து எண்களை மாற்றினால் புதிய எஸ்டிமேட் தயார். பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். இவர், கட்டடம் வரப்போகிற இடத்துக்கே போவார். லாரி எதுவரை வரும், சந்து எத்தனை அகலம், தண்ணீர் எங்கே இருக்கிறது, மாடிப்படி வலப்பக்கமா இடப்பக்கமா என்று நடந்து பார்ப்பார். மண்ணைக் கம்பியால் குத்திப் பார்ப்பார். பிறகுதான் உட்கார்ந்து எழுதுவார். கேட்டால், "கண்ணால பாக்காததை எப்படி சார் எழுத? கதையா எழுதுதோம்?" என்பார்.

எல்லா எஸ்டிமேட்டிலும் எல்.எஸ். என்று ஓரிரு வரி இருக்கும். விவரம் தெரியாத இடத்தில் குத்துமதிப்பாக ஒரு மொத்தத் தொகை போடுவதற்கான சுருக்கெழுத்து. அவர் எழுதிய எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை. "எல்.எஸ்.னா என்ன தெரியுமா சார்? லேசாச் சொல்லுதேன். அவ்வளவுதான்" என்பார். அன்றிலிருந்து யார் கோப்பில் எல்.எஸ். வந்தாலும் என் காதில் அந்த 'லேசாச் சொல்லுதேன்'தான் கேட்டது, கணக்கு அதிகாரி என்ற முறையில் அது எனக்கு நிறைய உதவியது.

நல்ல குணம் எல்லாம் எப்போதும் வசதியாக இருக்கும் என்று சொல்லமுடியாது. அவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. இலை போட்டு உட்கார்ந்தால், "சமையக்கட்டை அந்தக் கோடில கொண்டு வச்சிருக்கான். சாம்பார் வாளி தூக்குத ஆளுக்குக் கடைசி வரிசை வர எத்தனை நடை பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்க எப்படி மனசு வரும்? கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது, தண்ணீர்க் கேன் கொண்டுவந்து வைத்த ஆளை நிறுத்தி, கீழே வண்டியை எங்கே விட்டாய், படி எத்தனை ஏறினாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மகள் உள்ளேயிருந்து கத்தினாள்: "மம்மி, ஹர் சீஸ் மத் கினா கரோ!" எதையும் எண்ணாமல் விடவே மாட்டாயா என்கிறாள்.

"எண்ணாட்டா அவன் சும்மால்லா சுமப்பான், ஏட்டி" என்றார் இவர் தமிழில். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பாஷையில் சண்டை போட்டுக்கொள்வதை, வேறொரு அமைச்சகத்தில் வேலை பார்த்த அவருடைய கணவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தபடி ரசித்துக்கொண்டிருந்தார்.

அவரோடு கல்யாணத்துக்குப் போனதைவிடப் பெரிய தப்பு ஒன்று நான் செய்தேன். மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டின் சமையலறையை இடித்து மாற்றத் தீர்மானித்தபோது, ஒப்பந்தக்காரர் சொன்ன தொகை சரிதானா பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து இறங்கினார். என் மனைவி போட்ட காபியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அளந்தார், எழுதினார். பிறகு கேட்டார்:

"மல்பாவை எப்படி இறக்குவான்?"

மல்பா என்பது டெல்லியில் எல்லாரும் சொல்லும் வார்த்தை. இடித்த செங்கல், உடைந்த டைல்ஸ், சிமெண்டுக் கட்டி எல்லாம் கலந்த குப்பை. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. மல்பாவை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் சொசைட்டியின் சட்டம். இந்த லிஃப்ட் நிஜ லிஃப்ட்.

"ஒப்பந்தக்காரர் பார்த்துப்பார் மேடம்."

"அவரு எதுக்குப் பாக்காரு? அவரா தூக்கப்போறாரு? நாலு மாடி, மூட்டை மூட்டையா, ரெண்டு பேரு. இதுல ஒரு பைசா அதுக்கு இல்ல." ஒப்பந்தக்காரரின் தாளில், தொகைக்குக் கீழே அவரே ஒரு வரி சேர்த்து எழுதினார். பணத்தை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்காமல் சுமக்கிறவர்கள் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் என் மனைவி, "செலவைக் குறைக்கத்தானே கூப்பிட்டீங்க? நல்லாக் குறைஞ்சுது போங்க" என்றாள். ஆனால் வேலை நடந்த நாளில், அந்த இரண்டு பேரும் மூட்டையோடு முதல் தடவை படியிறங்கியதைப் பார்த்தபிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

மேலதிகாரிகளோடு அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடாமலேயே அவர்களைத் திணறடிக்க அவருக்குத் தெரியும். ஒரு மருந்தகக் கட்டடம். எஸ்டிமேட் எங்கள் பெரிய அதிகாரியின் கையெழுத்து அதிகாரத்துக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது. அதற்கு மேல் போனால் கோப்பு தலைமையகம் போகும், ஆறு மாதம் தூங்கும். அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மேடம்ஜி, தோடா கம் கர் தீஜியே." கொஞ்சம் குறைத்துவிடுங்கள் என்கிறார், கொத்தமல்லிக் கட்டு பேரம் பேசுகிற மாதிரி.

"கர் தேங்கே சார்" என்றார் இவர், திருநெல்வேலி ராகம் மாறாத இந்தியில். "க்யா நஹீ பனானா ஹை, போலியே." குறைத்துவிடலாம், எதைக் கட்டவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அதிகாரி ரேட்டைக் குறைக்கச் சொன்னார். இவர், அதுவும் செய்யலாம் சார், மேஸ்திரி ஒத்துக்கொள்வாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமா என்றார். பிறகு கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். அஸ்திவாரம் வேண்டுமா சார்? சுவர்? நோயாளிகளுக்கான கழிப்பறை? சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம்? ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மனிதர் தாமே ஆசைப்பட்டு முகப்பில் போடச் சொன்ன கிரானைட்டை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மருந்தகம் கட்டி முடிந்தது. சாய்தளம் இருக்கிறது. கிரானைட் இல்லாததால் யாருக்கும் காய்ச்சல் கூடியதாகத் தகவல் இல்லை.

இப்படிப்பட்டவரும் ஒருமுறை தவறினார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

யமுனைக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, பிள்ளைகள் தகரக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்தார்கள். புதிய கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டவர் இவர். டெண்டர் முடிந்து, ஜூலையில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள். மண் வரவில்லை. உடைந்த செங்கல் வந்தது, டைல்ஸ் வந்தது, பாலித்தீன் வந்தது, பாதிக் கழிவறைப் பீங்கான் ஒன்று வந்தது. முன்னொரு காலத்தில் யாரோ அந்தப் பள்ளத்தை ஊர் மல்பாவால் நிரப்பி, மேலே ஒரு அடி மண் போட்டு மூடியிருக்கிறார்கள். எஸ்டிமேட்டில் 'சாதாரண மண்' என்று இருந்தது. தோண்டியதையே திரும்பப் போட்டு நிரப்பலாம் என்றும் இருந்தது. இப்போது அத்தனை மல்பாவையும் அள்ளி வெளியே கொண்டுபோகவேண்டும், நல்ல மண் வெளியிலிருந்து வரவேண்டும், அஸ்திவாரமும் ஆழமாக இறங்கவேண்டும். எதற்கும் எஸ்டிமேட்டில் ஒரு வரி கிடையாது. ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது. பிள்ளைகள் தகரத்துக்குக் கீழேயே இருந்தார்கள்.

மண்ணைப் பற்றிய குறிப்பை எழுதிக் கொடுத்தவர் ஓர் ஒப்பந்தப் பொறியாளர். ஐம்பதை நெருங்கியவர், இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர், வருஷா வருஷம் வேலையைப் புதுப்பிப்பார்களா என்று பயந்துகொண்டிருந்தவர். பக்கத்துக் கட்டடத்தின் பழைய கோப்பைப் பார்த்துச் 'சாதாரண மண்' என்று எழுதிவிட்டார். பழியை அவர் தலையில் போட்டு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது என்று மேலே பேச்சு நடந்தது. ஆனால் எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் 'இடம் நேரில் பார்வையிடப்பட்டது' என்று அச்சடித்த ஒரு வரி உண்டு. அதற்குக் கீழே இருந்தது இவருடைய கையெழுத்து.

அவர் போகவில்லை. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போகவில்லை.

அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருஷம். பட்டியலில் முதல் பெயர் அவருடையது என்று எல்லாருக்கும் தெரியும். பல வருஷம் காத்திருந்தது. நான் அவருடைய மேசைக்குப் போனேன்.

"மேடம், ஒரு வழி இருக்கு. கன்டின்ஜென்சில பாதியைப் போட்டுடலாம். மீதியைச் சுற்றுச்சுவர் வேலையில சேர்த்துக்கலாம். நான் ஆட்சேபம் எழுதமாட்டேன். கேள்வியே வராது."

கன்டின்ஜென்சி என்பது, எதிர்பாராமல் வரும் செலவுக்கென்று ஒவ்வொரு எஸ்டிமேட்டின் முடிவிலும் ஒதுக்கிவைக்கும் சிறு தொகை. கணக்கு அதிகாரி ஒருவன் தானாகவே வந்து இப்படிச் சொல்வது எங்கள் அலுவலகத்தில் நடக்காத காரியம். அவர் மேல் அவ்வளவு பிரியம் எனக்கு.

"அது யாருக்கும் தெரியாம வாரதுக்கு உள்ள துட்டு சார்" என்றார். "இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா? ஒரு குத்து குத்தியிருந்தா கம்பி உள்ள போயிருக்காதே. செங்கல்லுல இடிச்சிருக்குமே."

அன்றே குறிப்பு எழுதினார். ஒரு பக்கம்கூட இல்லை. மண் விவரம் ஒப்பந்தப் பொறியாளர் கொடுத்தது, அதைச் சரிபார்ப்பது என் வேலை, நான் இடத்துக்குப் போகவில்லை, போனதாகக் கையெழுத்திட்டது தவறு. அதன் கீழே, எவ்வளவு மல்பா, எத்தனை லாரி, நல்ல மண் எங்கிருந்து, எவ்வளவு தூரம் என்று திருத்திய எஸ்டிமேட். இந்தத் தடவை மூன்று நாள் மழையில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அளந்திருந்தார். கான்வாஸ் ஷூ சேறாகி மேசைக்கடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

காரணம் தெளிவாக இருந்ததால் திருத்திய எஸ்டிமேட் சீக்கிரம் நகர்ந்தது. அது வேறு விதமாகப் போயிருந்தால் 'ஏன் கூடியது?' என்ற கேள்வி ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து எழுந்து வர ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒப்பந்தப் பொறியாளரின் வேலை தப்பியது. பள்ளியில் வேலை மறுபடி தொடங்கியது. இவருக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. பட்டியலிலிருந்து பெயர் போயிற்று.

கோப்பில் கணக்குப் பிரிவின் கருத்தை எழுதவேண்டியவன் நான். எழுதுவதற்காகப் பக்கங்களைப் புரட்டியபோது, அந்தக் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். மார்ச் மாதக் கடைசி வாரம். என் அண்ணன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்ததற்கு முதல் நாள்.

அன்று என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வேறொரு எஸ்டிமேட்டில் கூட்டுத்தொகை சில ரூபாய் இடித்தது. போனில் கேட்டிருக்கலாம். 'எஸ்டிமேட் போட்டவர் நேரில் வந்து விளக்கவேண்டும்' என்று எழுதி அனுப்பியிருந்தேன். கணக்குப் பிரிவு கூப்பிட்டால் வரத்தான் வேண்டும் என்று காட்டுகிற ஒரு சின்ன அல்பத்தனம் அதில் இருந்தது, மறைப்பானேன். அவர் பதினொரு மணிக்கு வந்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன், இருங்கள் மேடம் என்று சொல்லிவிட்டு நான் மெட்ரோ பிடித்துக் கரோல் பாக் போனேன். பெண்ணுக்குச் சேலை எடுக்கவேண்டியிருந்தது. ஒரு கடையில் அமையவில்லை, இன்னொரு கடை, அப்புறம் ஜாக்கெட் துணி. திரும்பும்போது மணி நாலு. அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேலைப் பையைப் பியூனிடம் வெளியிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய், மீட்டிங் நீண்டுவிட்டது என்றேன். பள்ளிக்கூடத்துக் கோப்பு அன்று மாலைக்குள் போகாவிட்டால், வருஷக் கடைசியில் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும். மண்ணைக் குத்திப் பார்க்கக் கிளம்பவேண்டியவரை என் அறையில் உட்காரவைத்துவிட்டு, நான் ஜரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோப்பை மூடிவிட்டு அவரிடம் போனேன்.

"மேடம், அன்னிக்கு நீங்க என் ரூம்லதானே இருந்தீங்க?"

"ஆமா சார்."

"அதை ஏன் குறிப்புல எழுதல?"

"எழுதி? நீங்க என்னையக் கயிறு போட்டா கட்டி வச்சிருந்திய? எந்திரிச்சுப் போயிருக்கலாம். கோப்பை அனுப்பாம இருந்திருக்கலாம். நான் போடாத கையெழுத்தா அது?" மேசையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டியபடி, "நான் செஞ்சதைத்தான சார் நான் எழுத முடியும். மத்தது எழுதணும்னா, எழுத வேண்டியது நீங்கள்லா" என்றார்.

"எழுதறேன் மேடம்" என்றேன்.

என் மேசைக்கு வந்து பேனாவைத் திறந்தேன். ஒரு வரிதான் வேண்டும். குறிப்பிட்ட நாளில் எஸ்டிமேட் போட்டவரை இந்தப் பிரிவு அழைத்துக் காக்கவைத்தது என்று ஒரே ஒரு வரி. அது இருந்திருந்தால் கண்டனம் எச்சரிக்கையாகக் குறைந்திருக்கலாம், பட்டியலில் பெயர் தப்பியிருக்கலாம். எங்கே போயிருந்தீர்கள் என்று என்னையும் கேட்டிருப்பார்கள். நான், 'திருத்திய எஸ்டிமேட்டைப் பரிசீலித்ததில் கணக்குப் பிரிவுக்கு ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. முதல் ஆளாக வந்து வாழ்த்தினார். அந்த வரியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. எப்போதும்போல எஸ்டிமேட்டுகள் வந்தன, எப்போதும்போல எல்லாவற்றையும் எண்ணியிருந்தார். அவரைவிட ஒன்பது வயது இளைய ஒருவர் அவருக்கு மேலதிகாரியாக வந்தார். அவரிடமும் இவர் அதே கான்வாஸ் ஷூவோடு போய் அதே குரலில் விளக்கம் சொன்னார். உதவிப் பொறியாளராகவே இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார்.

பிரிவுபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷம் பேசினேன். லிஃப்ட் கதையைச் சொன்னேன், மருந்தகத்துக் கிரானைட் கதையைச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். தன் தவறைத் தானே எழுதிக்கொடுத்த நேர்மை இந்த அலுவலகத்தில் வேறு யாருக்கு உண்டு என்று கேட்டபோது என் குரல் தழுதழுத்தது. எனக்கு வாய்த்த நல்ல பேச்சுகளில் அது ஒன்று. அவரும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

கூட்டம் கலைந்து சமோசாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்தார்.

"நல்லாப் பேசினிய சார்" என்றார். பிறகு, "ஒங்க அண்ணன் மக, அன்னைக்குச் சேலை எடுக்கப் போனியள்லா, அந்தப் பிள்ளை நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. குத்திக்காட்ட அவருக்குத் தெரியாது. நிஜமாகவே அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் போனது மீட்டிங்குக்கு இல்லை, சேலைக் கடைக்கு என்று அத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"நல்லா இருக்கா மேடம். ரெண்டு குழந்தைங்க" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, மாலைகளையும் பரிசுப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பிப்போனார்.

நான் எழுதவேண்டியதை இப்போது எழுதுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் மண்ணை அவர் போய்ப் பார்த்திருக்கவேண்டிய நாளில், காலை பதினொரு மணியிலிருந்து மாலை நாலு மணிவரை, காரணமில்லாமல் அவரை என் அறையில் காக்கவைத்தவன் நான்.